ராஜினாமா செய்த ஒற்றனும் மட்டன் ரோலும்

வேலையை விட்ட மூன்றாவது கிழமை, ஒரு ஞாயிறு மத்தியானம், மகள் வந்து தன்னோடு இருந்து ஒரு பழைய ஆங்கிலேயத் தொடரின் ஒரே ஒரு பாகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பள்ளியில் அவள் சினிமாவை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். அந்தப் பாகத்தைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். அதற்கு முன்னால், அந்தத் தொடரைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, எந்த இடத்தில் அவர் முகம் எப்படிப் போகிறது என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். "ஒன்றும் தெரியாத ஆள்தான் வேண்டும், அப்பா" என்று பிரெஞ்சில் சொன்னாள். பாரிசுக்கு வெளியே நாங்கள் இருக்கும் சார்செலில் அத்தனை மாடிக் கட்டடங்கள், அத்தனை ஆயிரம் சனம். தேடிப் பிடித்தது என்னைத்தான்.

எனக்குத் தலைக்கு மேலே வேறு பாரம் இருந்தது. பத்தொன்பது வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டேன் என்பது மனைவிக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் காலையில் வழக்கமான பையைத் தூக்கிக்கொண்டு வழக்கமான ரயிலில் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியவந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கிற இடத்திலேயே என் மூளை நின்றுவிடும். அதற்கு அப்பால் அது போனதில்லை.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த ஞாயிறு நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பது விளங்காது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் நான் சமையலாள். கோப்பை கழுவப் போனவன், வெங்காயம் உரித்து, மீன் வெட்டி, கடைசியில் சோசும் சூப்பும் என் பொறுப்பு என்கிற இடத்துக்கு வந்திருந்தேன். அந்த வெங்காய சூப்பைக் குடிக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். எனக்காக நின்றார்கள் என்று நான் நம்பியிருந்தேன். வாசலில் இருந்த உல்லாசப் பயணிகளின் வழிகாட்டிப் பலகையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

புதிதாக ஒரு தலைமைச் சமையல்காரன் வந்தான். முப்பது வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. ஒரு நாள் பெரிய பொதி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, இனி சூப் இதிலிருந்துதான், வெட்டி ஊற்றிச் சூடாக்கினால் போதும், உங்களுக்கும் இடுப்பு நோவு குறையும் என்றான். அவன் நல்ல மனத்தோடுதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. மறுநாள் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

பிரான்சில் வாழ்கிற எந்தத் தமிழனும் செய்யாத வேலை அது. வேலையை நாமாக விட்டால் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம், சோமாஜ், கிடையாது. விடுவதானால் முதலாளியோடு பேசி, இருவரும் ஒத்துப் பிரிகிறோம் என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட வேண்டும். விமானத்தால் இறங்கி ஒரு கிழமை ஆனவனுக்கே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நானே எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். ஆனால் என் கணக்கு வேறு. கடிதத்தைப் பார்த்ததும் முதலாளி கீழே இறங்கி வருவார், தோளில் கை வைப்பார், ஏன் என்று கேட்பார். நான் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். பிறகு சூப்பைப் பற்றிச் சொல்லுவேன். மெற்றோவில் இருந்தபடி அந்த வசனங்களைப் பிரெஞ்சில் நாலு தரம் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன்.

யாரும் இறங்கி வரவில்லை. அலுவலகத்துப் பெண் கடிதத்தை வாங்கி, ஒரு பிரதி எடுத்து, அறிவித்தல் காலம் முடியும் வரைக்கும்கூட வரத் தேவையில்லை என்றாள். இனி எல்லாம் நல்லபடி அமையட்டும் என்று கை கொடுத்தாள். உடுப்பு அலுமாரியைப் பூட்டுகிற திறப்பைக் கேட்டாள். கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அடுத்த நாள் காலை பையோடு ரயில் ஏறினேன். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் யோசித்தேன். பாரிஸ் பெரிய நகரம். எத்தனை பூங்கா, எத்தனை நூலகம், ஒரு தமிழனும் கால் வைக்காத எத்தனை தெரு. ஒளிந்திருக்க நினைப்பவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? என் கால்கள் என்னைக் கேட்காமலே லா சப்பலுக்குப் போய்விட்டன. யாரும் காணக்கூடாது என்று நினைத்தவன், வட்டாரத்துத் தமிழர் அத்தனை பேரும் கறிவேப்பிலை வாங்க வருகிற தெருவில் போய் நின்றேன். மழை தூறினால் ஒதுங்கத் தெரிந்த இடம் அதுதானே.

முதலில் கண்டது மளிகைக்கடை அண்ணை. நான் வந்த புதிதில் அவரும் நானும் பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறையில் இன்னும் ஆறு பேரோடு இருந்தவர்கள். வெள்ளைச் சட்டையும் பருத்த வயிறுமாகக் கடைக்குள்ளிருந்து உருண்டு வந்தார்.

"என்னடாப்பா, வேலை இல்லையே இண்டைக்கு?"

"லீவு அண்ணை."

"இந்த மாதத்திலை என்ன லீவு?"

அப்போது தப்பிவிட்டேன். இரண்டாம் நாள் சலூன்காரத் தம்பி கேட்டான். எனக்கு முழங்கால் நோவு, டொக்டர் ஓய்வு எழுதித் தந்திருக்கிறார் என்றேன். மூன்றாம் நாள் நகைக்கடை வாசலில் ஒருவர். அவர் முகத்தைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, சொந்தமாக ஒரு கடை போடலாம் என்று இடம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆளுக்கொரு பொய் சொன்னால் ஆளாளுக்கு அது பத்திரமாக இருக்கும் என்று நினைத்தது என் புத்தி. அந்தத் தெருவில் ஒரு பொய்யை விட்டால், மறுமுனைக்கு நாம் நடந்து போவதற்குள் அது நமக்கு முன்னால் போய் நின்று தேநீர் குடிக்கும். இரண்டாம் கிழமை தொடங்க மளிகைக்கடை அண்ணை என்னை மறித்தார்.

"முழங்கால் இந்தக் கேடு, எப்பிடி நீ கடையிலை நாள் முழுக்க நிக்கப்போறாய்? அதுவும் லீவிலை?"

மேலே பாலத்தில் மெற்றோ போனது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று காதைக் காட்டிவிட்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கபேயின் உள் மூலைக்கு மாறினேன். அங்கே தினமும் பத்திரிகை படிக்க வரும் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு நாள் என்னைப் பத்திரிகைக்கு மேலால் பார்த்தார். ஐந்தாம் நாள், "தெமிசியோன் குடுத்துட்டீங்களா?" என்று ராஜினாமாவைப் பிரெஞ்சில் சொல்லி நேரடியாகவே கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.

"வேலை போனவன் கோபமா இருப்பான். லீவுல இருக்கிறவன் சந்தோஷமா இருப்பான். நீங்க ரெண்டும் இல்லாம வாசலையே பாத்துட்டு இருக்கீங்க, யாரோ கூப்பிட வருவாங்கன்னு."

அந்த மனிதர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் உணவகத்திலிருந்தாக்கும் என்று எடுத்தேன். மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்லித்தான் எடுத்தார்கள்.

இதற்கிடையில் இன்னொரு ஆபத்து. என் வெள்ளைச் சமையல் சட்டைகளை மனைவி கிழமைக்கு ஒரு தடவை தோய்ப்பாள். முதல் கிழமை முடிவில் பையைத் திறந்து பார்த்தால் சட்டைகள் பால் போல வெள்ளை. இது காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, லா சப்பலில் ஒரு மட்டன் ரோல் வாங்கி, அரைவாசியைச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கபேயின் கழிவறையில் வைத்துச் சட்டையின் முன்பக்கமும் கைப்பக்கமும் தேய்த்தேன். கைதேர்ந்த வேலை. கறை இயல்பாக விழ வேண்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, இன்னும் இரண்டு இடத்தில் தொட்டும் வைத்தேன். அப்படி இரண்டு கிழமை போனது. மனைவி காலையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டித் தந்தாள், சட்டையைத் தோய்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் மகள் என்னைத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரவைத்தாள். பக்கத்தில் குறிப்புக் கொப்பியும் பேனையுமாக, என் மூக்கைப் பார்த்தபடி அவள். மனைவி சமையலறையில். நடுவில் கதவு திறந்தே கிடந்தது.

கதை இதுதான். இங்கிலாந்தில் ஒரு ஒற்றன். ஒரு நாள் மேலதிகாரியின் மேசையில் ராஜினாமாக் கடிதத்தை அடித்து வைத்துவிட்டு வருகிறான். வீட்டில் பெட்டி அடுக்கும்போது மயக்கமருந்தடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். விழித்தால் ஒரு கடற்கரை ஊர். கலர் கலரான வீடுகள், பூந்தோட்டம், பாண்ட் வாத்தியம், குடை பிடித்துச் சிரித்துக்கொண்டு திரியும் சனம். யாருக்கும் பெயர் இல்லை, இலக்கம்தான். சாப்பாடு, துணி எல்லாம் இலவசம். வெளியேற மட்டும் முடியாது. ஓடினால் கடலிலிருந்து பெரிய வெள்ளைப் பலூன் ஒன்று துள்ளித் துள்ளி வந்து ஆளை அமுக்கிவிடும். அதைக் கண்டதும் எனக்கு மளிகைக்கடை அண்ணையின் வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். மகள் எதையோ குறித்துக்கொண்டாள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு அவனிடமிருந்து ஒரே ஒரு பதில்தான் வேண்டும். ஏன் ராஜினாமா செய்தாய்?

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மகள் அதையும் குறித்துக்கொண்டாள்.

அன்று பார்த்த பாகத்தில் அவன் ஒரு பெண்ணோடு சேர்ந்து தப்புகிறான். ஒரு படகு, பிறகு கிழக்குப் பக்க நாடொன்றின் கரை. அங்கே ஒருவன் அந்த நாட்டு நேரம் காட்டும் தன் கைக்கடிகாரத்தை அவனுக்குக் கொடுக்கிறான். இருவரையும் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்து லொறியில் ஏற்றி, கப்பலில் ஏற்றி, விமானத்தில் ஏற்றுகிறார்கள். "இவையளுக்குப் பெட்டிக்குள்ளை கதைக்க எவ்வளவு இடம் இருக்கு, பார்" என்றேன். நான் பிரான்சுக்குள் ஒளிந்து வந்த லொறியில் தக்காளிக்குத்தான் அந்த மரியாதை கிடைத்தது என்றும் சொல்லிவிட்டேன். மகள் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். இதை அவளிடம் நான் இதற்கு முன் சொன்னதில்லை.

பெட்டி லண்டனில் திறக்கிறது. பழைய அலுவலகம், பழைய அதிகாரிகள், ஜன்னலுக்கு வெளியே வாகனச் சத்தம். இப்போது சொல், ஏன் விட்டாய் என்கிறார்கள். அவன் களைத்துப்போய் வாயைத் திறக்கிறான். முதல் சொல்லும் வந்துவிட்டது. அந்த நேரம் வெளியே பெரிய மணிக்கூட்டுக் கோபுரம் எட்டு அடிக்கிறது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். அதிலும் எட்டு.

"பொய்! பொய்!" என்று கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். "ஒரு மணித்தியாலம் எங்கை? அந்த நாட்டுக்கும் லண்டனுக்கும் ஒரு மணித்தியாலம் வித்தியாசம் எல்லோ! இவன் இன்னும் அந்த ஊரிலைதான் நிக்கிறான்!"

மகள் படத்தை நிறுத்தினாள். வகுப்பில் ஒருவருக்கும் இது பிடிபடவில்லையாம், ஆசிரியர் விளக்கித்தான் புரிந்ததாம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றாள். இருபத்தைந்து வருடமாக ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுப்பதற்கு முன்னால் கோடையானால் மூன்றரையும் குளிரானால் நாலரையும் கூட்டிப் பார்க்கிறவனுக்கு ஒரு மணித்தியாலம் களவு போனால் தெரியாதா? இதை நான் சொன்னபோது என் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னும் பத்துப் பாகம் பார்த்திருப்பேன்.

மிச்சத்தையும் பார்த்தோம். அவன் கதவைத் திறந்து வெளியே வருகிறான், அதே பூந்தோட்டம், அதே ஊர். வாகனச் சத்தமெல்லாம் ஒலிநாடாவில் போட்டது. கூடவந்த பெண்ணும் அவர்களின் ஆள்.

"சரி, அவன் ஏன்தான் விட்டவனாம்? எந்தப் பாகத்திலை சொல்லுறாங்கள்?"

"எதிலையும் சொல்றேல்லை, அப்பா. கடைசிவரைக்கும்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. "ஆக்களின்ரை யோகத்தைப் பார்! கடிதத்தை வைச்சிட்டு வந்தவனைத் தேடிப் பிடிச்சு, ஒரு ஊரையே கட்டி, பாண்டும் வைச்சு, ஏன் விட்டனி, ஏன் விட்டனி எண்டு கெஞ்சினம். இந்த மடையன் சொல்லமாட்டானாம்! என்னட்டை ஒருத்தன் ஒருக்கால் கேட்டிருந்தா..."

சமையலறையில் தண்ணீர்க் குழாய் மூடுகிற சத்தம் கேட்டது.

"ஏன், அங்கை உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

மகள் கொப்பியை மெதுவாக மூடினாள். "அப்பா, எனக்கும் தெரியும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். நான் சமையலறை வாசலுக்குப் போனேன். மனைவி முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்ப தெரியும்?"

"ரெண்டாம் நாள். மளிகைக்கடை அண்ணையின்ரை மனுசி போன் எடுத்துச் சொன்னவ."

"பேந்து ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா பொய் சொல்லுவியள். பிறகு அந்தப் பொய்யை நானும் சேந்து காப்பாத்த வேணும்." ஒரு காயை வெட்டி முடித்துவிட்டு, "ஆனா ஒண்டு" என்றாள். "பத்தொன்பது வருசம் அந்தச் சட்டையைத் தோய்ச்சனான். பட்டர் மணக்கும், வைன் மணக்கும், வெங்காயம் மணக்கும். பிரெஞ்சுக்காரன்ரை குசினியிலை எப்ப அப்பா மட்டன் ரோல் போடத் தொடங்கினவங்கள்?"

சிரித்தாளா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. நான் கதவுநிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொதி சூப், அந்தப் பையனின் மரியாதை, அலுவலகத்துப் பெண், அலுமாரித் திறப்பு. பணம் போனதோ சோமாஜ் போனதோ அல்ல, இவ்வளவு வருடம் நின்றவனை ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டார்களே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஐம்பத்துமூன்று வயதில், ஒரு சூப்புக்காக.

அவள் கத்தியை வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள்.

"நான் வேலையை விட்டது ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டாள்.

இருந்தது. மகள் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். இப்போது பள்ளிக் கன்ரீனில் வேலை பார்க்கும் இவள், அப்போது பக்கத்து ஊரான கார்ஜில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புக்குச் சேர்ந்திருந்தாள். அதற்கென்று படித்து, சோதனை எழுதி, பிரெஞ்சுக்காரிகளோடு போட்டி போட்டு எடுத்த வேலை. ஒரு வருடம்கூட முடியவில்லை, விட்டுவிட்டாள். பிள்ளையைப் பார்க்க வேண்டுமே, அதற்காக விட்டிருப்பாள் என்று இன்றுவரை நினைத்திருந்தேன். நினைத்தேன் என்பதும் பொய். நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் தெரியுமோ?"

தெரியாது.

"'நல்லதாப் போச்சு' எண்டனீங்கள். ரிவியைப் பாத்துக்கொண்டு." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அதுக்கு முதல்நாள் அங்கை ஒரு மனுசி செத்துப்போச்சு. நான்தான் குளிப்பாட்டிறது, சாப்பாடு தீத்திறது. காலமை போனா அந்தக் கட்டிலிலை வேறை ஆள். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. எனக்கு வேலை ஓடேல்லை. பின்னேரம் பஸ்ஸிலை வரேக்கை, உங்களுக்குச் சொல்லுவம், சொல்லுவம் எண்டு சேர்த்துக்கொண்டு வந்தனான். கதவைத் திறக்க நீங்கள் சோறு கேட்டியள்."

மூன்று கிழமையாக இரவும் பகலும் நான் திட்டித் தீர்த்தவர்கள் அத்தனை பேரும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றது நான்.

ஏன் விட்டாய் என்று கேட்கலாம் என்றால், அதை அவள் சொல்லியாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது ஒரு பொதி சூப் மாதிரி இருக்கும்.

"அந்த மனுசிக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தொண்ணூற்றி ரெண்டு" என்றாள். அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நல்லாப் பாடும்" என்று தொடங்கினாள்.